இரண்டரை வயதில் ப்ளே ஸ்கூல்: அனுப்பலாமா, காத்திருக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 2 வயது 5 மாதம், நவம்பரில் பிறந்தவள். ஊர் திண்டுக்கல். கணவருக்கு வங்கி வேலை, மாற்றல் உண்டு. நீங்கள் வீட்டிலிருந்தே காலை 10 முதல் மாலை 6 வரை கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமியார், அவருக்கு மூட்டுவலி. தெருவில் இதே வயதுக் குழந்தைகள் எல்லாம் ப்ளே ஸ்கூல் போகின்றன. வருடத்துக்கு 38,000 ரூபாய் கேட்கிறார்கள். “இப்போ சேர்க்கலைன்னா எல்கேஜி சீட் கிடைக்காது” என்கிறார் கணவர். “அஞ்சு வயசு வரைக்கும் அந்தப் பிஞ்சை எதுக்கு இழுத்துக்கிட்டு” என்கிறார் மாமியார். இந்த ஜூனில் சேர்க்கலாமா, வேண்டாமா?

என் பதில்: இந்த ஜூனில் வேண்டாம். பொங்கல் கழிந்ததும் அரை நாள் அனுப்பிப் பாருங்கள். அதற்கடுத்த ஜூனில் எல்கேஜி. ஆனால் அதுவரை வீட்டிலேயே அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 27 வருடம் அங்கன்வாடியில் இருந்தவள். முதல் 16 வருடம் பணியாளர், அப்புறம் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்ற பிறகு தோழி ஒருத்தி நடத்திய ப்ளே ஸ்கூலுக்கு நாலு வருடம் உதவிக்குப் போனேன். இரண்டு பக்கத்து அடுப்படியும் எனக்குத் தெரியும். அங்கன்வாடி மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்தான். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மாமியார் சொல்லும் அந்த ஐந்து வயதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையை வாத்தியார் என்ன செய்யச் சொல்வார்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் அட்மிஷன், எட்டாவிட்டால் அடுத்த வருடம். கேலிக்குரிய முறை போலத் தெரியும். ஆனால் சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து ஆறு வயது வாக்கில்தான் கை நீண்டு காதை எட்டும். இன்றைக்கு ராத்திரி உங்கள் மகளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், கை உச்சந்தலையோடு நின்றுவிடும். அவளும் சிரிப்பாள்.

ஆக, எழுத்துப் படிப்புக்கு ஐந்து வயது என்பதில் மாமியார் சொல்வது சரி. ஒன்றை மட்டும் அவர் மறந்துவிடுகிறார். அவர் காலத்தில் ஐந்து வயது வரை எந்தக் குழந்தையும் ஒரு பாட்டியுடன் இரண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. சித்தி பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், திண்ணை, ஆட்டுக்குட்டி, குழாயடி என்று ஒரு பெரிய பள்ளிக்கூடம் இலவசமாக நடந்துகொண்டிருந்தது. அது இப்போது மூடிவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

அடுத்தது உங்கள் கணவரின் பயம். இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். இந்த ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்த்தால் வயது 2 வருடம் 7 மாதம். அடுத்த ஜூனில் எல்கேஜி, 3 வருடம் 7 மாதம். இந்த வருடம் சேர்க்காவிட்டால்? அடுத்த ஜூனில் அதே எல்கேஜி, அதே 3 வருடம் 7 மாதம். ஒரு நாள்கூட வீணாகவில்லை. எல்கேஜிக்கு முந்தைய வகுப்பு யாருக்கும் கட்டாயமும் இல்லை.

சீட் விஷயம் கொஞ்சம் வேறு. சில பெரிய பள்ளிகள் தங்களுடைய பிரீகேஜி குழந்தைகளுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே திறக்கும். அது உண்மை. ஆனால் உங்கள் தெருக் குழந்தைகள் போவது தனி ப்ளே ஸ்கூல். அங்கிருந்து எல்கேஜிக்கு எப்படியும் வேறு பள்ளிதான் தேட வேண்டும். அதற்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் மனதில் வைத்திருக்கும் பெரிய பள்ளிக்கே ஒருமுறை நேரில் போய், பிரீகேஜி எத்தனை பிரிவு, எல்கேஜி எத்தனை பிரிவு என்று மட்டும் கேளுங்கள். எல்கேஜி அதிகமாக இருந்தால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் பயந்துகொண்டிருக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாற்றல் வேலை என்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். கேந்திரிய வித்யாலயாவில் 2022 முதல் மார்ச் 31-க்குள் 6 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் இங்கே ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஜூனில் அவளுக்கு வயது 5 வருடம் 7 மாதம். அந்தச் சமயம் வெளி மாநிலத்துக்கு மாற்றலாகி கேந்திரிய வித்யாலயாவைத் தேடினால், இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள் என்பார்கள். அதாவது, சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கே எல்லா இடத்திலும் செல்லாது. ஒரு வகுப்பில் வயதில் கடைசிக் குழந்தையாக இருப்பதும் சுகமில்லை. பன்னிரண்டு மாதம் மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு ‘மந்தம்’, ‘ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குது’ என்ற பேரெல்லாம் வரும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு குறையும் இருக்காது, வயதுதான் குறைவு.

சரி, இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் அப்படி என்னதான் மாறுகிறது?

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலாவது எல்லோருக்கும் தெரியும்: ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லத் தெரிவது. டயப்பரோடும் எடுத்துக்கொள்கிறோம் என்று பள்ளிகள் சொல்லும். ஆனால் ஒரு ஆயாம்மாவுக்கு முப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் டயப்பர் எப்போது மாற்றப்படும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சக குழந்தை. “மத்த பிள்ளைகளோட பழகட்டும்” என்பதுதான் ப்ளே ஸ்கூலுக்கு எல்லோரும் சொல்லும் முதல் காரணம். இரண்டு வயதுக் குழந்தைகள் இரண்டு பேரை ஒரே மணல் குவியலில் உட்காரவைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் திரும்பி, அவரவர் கிண்ணத்தில் அவரவர் மணலை அள்ளிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஆள் இருப்பது பிடிக்கும், சேர்ந்து விளையாடத் தெரியாது. “நீ கடைக்காரர், நான் வாங்க வர்றேன்” என்று சோறு பொங்கி விளையாடும் விளையாட்டு மூன்று மூன்றரையில்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன்னால் அவளுக்குப் பழக வேண்டியது இருபது குழந்தைகள் இல்லை. பொறுமையான ஒரு பெரிய ஆளும், வாரத்தில் சில தடவை பார்க்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் போதும்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, அங்கே நடந்ததைச் சொல்ல வருகிறதா? “அண்ணா தள்ளிட்டான்”, “மிஸ் கத்துனாங்க”, “பப்பு சாதம் சாப்பிடல”. இந்த அளவு போதும். இது வரும்வரை, அந்த நாலு சுவருக்குள் என்ன நடந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு சாட்சியும் கிடையாது. டைரியில் ‘ஹேப்பி டே’ என்று ஸ்மைலி போட்டு அனுப்புவார்கள், அதை மட்டும்தான் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும். அவளுக்கு நாலு சொல் சேர்த்துப் பேச வந்துவிட்டால், என் பயத்தில் பாதி போய்விடும்.

உடம்பையும் சொல்ல வேண்டும். இந்த வயதில் வருடத்துக்கு ஆறு எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். முதன்முதலாகக் கூட்டத்தில் சேரும் வருடம் அது இன்னும் கூடும். கை, கால், வாய் கொப்புளக் காய்ச்சல் ஒரு குழந்தைக்கு வந்தால் வகுப்பே வரிசையாகப் படுக்கும். இது எந்த வயதில் சேர்த்தாலும் ஒரு சுற்று வரத்தான் செய்யும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் 38,000 ரூபாயில் எத்தனை நாள் அவள் உண்மையிலேயே போவாள் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்பது நாள் இருமிக்கொண்டிருப்பாள், ஃபீஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிக்கு வருகிறேன். “அத்தையால் ஓடிப் பிடிக்க முடியவில்லை, அதனால் மத்தியானம் வரை பெரும்பாலும் போனில் ரைம்ஸ் ஓடும்.” எனக்கு உங்கள் கேள்வியின் மையமே இதுதான்.

ப்ளே ஸ்கூலா வீடா என்று பொதுவாக யாரும் பதில் சொல்ல முடியாது. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை அந்தக் குழந்தை இந்த வீட்டில் என்ன செய்கிறது, அந்தப் பள்ளியில் என்ன செய்யும்: இந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டி வெங்காயம் உரிக்கும்போது தோலைப் பொறுக்கிக்கொண்டு, காக்காவுக்குச் சோறு வைத்துக்கொண்டு, “இது என்ன, அது ஏன்” என்று நச்சரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எந்தப் பள்ளியும் அதைவிடப் பெரிதாகக் கொடுத்துவிடாது. அதே வீட்டில் மூன்று மணி நேரம் போன் ஓடுகிறது என்றால் கணக்கு மாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில், 2 வயது முடியும்வரை திரையே வேண்டாம், அப்புறம் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று இருக்கிறது. ரைம்ஸ் பாடும் போன், குழந்தை தப்பாகச் சொன்னால் திருத்தாது. சிரித்தால் திரும்பச் சிரிக்காது.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. மூட்டுவலியோடு இரண்டு வயதுக் குழந்தையைப் பார்ப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், எனக்கும் இப்போது அதே மூட்டுதான். வீட்டில் ஆள் இல்லை, அம்மாவுக்கு வேலை, அதனால் அனுப்புகிறோம் என்பது முழுக்க நியாயமான காரணம். அப்படி அனுப்பும்போது ‘ஆக்டிவிட்டி’, ‘கரிக்குலம்’ எல்லாம் பார்க்காதீர்கள். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், மத்தியானம் எங்கே தூங்கும் என்று பாருங்கள். படிப்புக்காக என்று சொல்லிக்கொண்டு பராமரிப்புக்கு அனுப்புவதால்தான் தப்பான இடமாகப் போய்ச் சேர்கிறது.

பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் தனித்தனிச் சொல்லாகவே பேசுகிறாள், ப்ளே ஸ்கூல் போனால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. என் மையத்துக்கு மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பேச மாட்டான், நினைத்ததைப் பிடுங்கிக்கொள்வான். பிடிவாதக்காரன் என்று நானே ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டு கீழே விழுந்த சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்ப, இவன் மட்டும் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான். காது கேட்கவில்லை. அந்த ஆறு மாதத்தை நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டு வயது முடியும்போது “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல் சேர்க்க வர வேண்டும். பேர் சொன்னால் திரும்ப வேண்டும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இதில் எது குறைந்தாலும் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது; பேச்சு, காது கேட்பது, நடை, கவனம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், பணம் கிடையாது. பள்ளியில் சேர்ப்பது அதற்கு அப்புறம். காது சரியாக இருந்து, வீட்டில் பேச ஆள் இல்லாததால் பேச்சு தாமதம் என்றால், அப்போதும் இருபது பேசத் தெரியாத குழந்தைகளுக்கு நடுவே உட்காரவைத்தால் பேச்சு எங்கிருந்து வரும்? பெரிய ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டும். தமிழிலேயே பேசுங்கள். இப்போதே இங்கிலீஷ் என்று வீட்டில் ஆளுக்கு அரைகுறையாகப் பேசினால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று உங்கள் கணவர் கேட்பார். ப்ளே ஸ்கூல் நோட்டீசுகளில், சின்ன வயதில் செலவழிக்கும் ஒரு ரூபாய் பெரியவனானதும் பல ரூபாயாகத் திரும்ப வரும் என்று போட்டிருக்குமே, அதன் வேர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பள்ளிச் சோதனை. 123 குழந்தைகள், மூன்று நான்கு வயது, மிக ஏழைக் குடும்பங்கள். அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் இந்தப் பள்ளி, மறுபாதி ஒப்பிடுவதற்கு. ஆறேழு குழந்தைக்கு ஒரு ஆசிரியர். அந்த ஆசிரியர் வாராவாரம் வீட்டுக்கே போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசுவார். நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்ததில், பள்ளிக்குப் போன கூட்டம் சம்பாத்தியத்தில் மேலேயும் குற்றத்தில் கீழேயும் இருந்தது. உண்மைதான். ஆனால் உங்கள் தெரு ப்ளே ஸ்கூலில் ஆறு குழந்தைக்கு ஒரு ஆசிரியரா? வாராவாரம் வீட்டுக்கு வருவாரா? பேரை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே அமெரிக்காவில் டென்னசி மாநிலம் அரசுச் செலவில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவ வகுப்பு நடத்தியது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம், அதனால் குலுக்கல். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் போனவர்கள் முன்னால் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு வந்தபோது போனவர்கள்தான் மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்குப் புகார்களும் அவர்கள் மேல்தான் அதிகம். இந்த முடிவு 2022-இல் வந்தது. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி என்று வாட்ஸப்பில் வருவதையும் முழுசாக நம்பாதீர்கள். அங்கே ஆறு வயதில் ஒரு வருட முன்பருவக் கல்வி கட்டாயம். அதற்கும் முன்னால் பெரும்பாலான குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி நம் ஊரிலேயே நடந்தது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும், அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு உள்ளூர்ப் பெண்ணை நியமித்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. வேறு கட்டடம், பொம்மை, பாடத்திட்டம் எதுவும் மாறவில்லை. கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதோடு சத்துக்குறைவும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் அம்மாக்களோடு பேசவும் நேரம் கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்கள் வருடக்கணக்கில் புலம்பியது அதுதான். எடைப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு இருப்பு என்று என் காலத்தில் 11 பதிவேடுகள். வாக்காளர் பட்டியல் வேலை வேறு. உதவியாளர் அடுப்படியில் இருப்பார். பிள்ளைகளோடு உட்காரும் நேரம் என்பது மிச்சம் கிடைத்தால்தான்.

ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் ஆளை எண்ணுங்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டலில், ப்ளே ஸ்கூலில் 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்றும், 3 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு இடம் இரண்டு வயதுக் குழந்தையை எடுக்கிறது என்றால் எனக்கு அந்த இருபதே அதிகம், எட்டு பத்துக்கு ஒருவராவது வேண்டும்.

பார்க்கப் போகும் நேரம் காலை பதினொன்று. ஒன்பது மணிக்கு எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். பதினொன்றுக்குப் பசி, தூக்கம், அழுகை மூன்றும் ஒன்றாக வரும். அப்போது ஆயாம்மாவின் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நில்லுங்கள். கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். கேமரா இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கேமரா வந்து அழுகிற பிள்ளையைத் தூக்கப்போவதில்லை. வெளியே போக இரண்டாவது வழி இருக்கிறதா, மாடியில் வகுப்பா, சமையல் எங்கே, இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்துபோனது சமையலறைத் தீ கூரையைப் பிடித்ததால்தான். அதற்கு அப்புறம் கூரைகள் மாறின. பூட்டிய கிரில் கதவுகள் இன்னும் இருக்கின்றன. அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு, அங்கே இருக்கும் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் நோட்டில் பக்கம் பக்கமாக ‘ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்’ இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவையெல்லாம் வெறும் குருத்தெலும்பு. ஒன்றொன்றாக இறுகி, எட்டும் எலும்பாகப் பத்து வயது தாண்டும். இரண்டரை வயதில் அந்தக் கைக்கு வேலை மாவு பிசைவது, கிழிப்பது, ஒட்டுவது, மூடி திறப்பது. தோழியின் ப்ளே ஸ்கூலில் நாங்கள் நோட்டு வைக்கவில்லை. முதல் வருடமே ஏழு குடும்பங்கள், “ஒண்ணும் சொல்லிக்கொடுக்கறதில்ல” என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, அந்த இரண்டு மணி நேர ஏற்பாடு. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அங்கன்வாடி எங்கே என்று பாருங்கள். பால்வாடி என்று கேட்டால் மாமியாருக்கே தெரிந்திருக்கும். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் இது. தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட மையங்கள், 2 வயதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆட்டம், பாட்டு, கதை, மத்தியானம் சாப்பாடு, முட்டை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று மாதவாரியான பாடத்திட்டமும் உண்டு. வங்கி உத்தியோகம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை அங்கன்வாடிக்கா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். எல்லா மையமும் ஒன்றுபோல் இருக்காது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பணியாளர் நன்றாக அமைந்த மையம் தங்கம். சிலவற்றில் பதினொன்றரைக்கே பிள்ளைகள் பாயில் கிடக்கும். நேரில் போய்ப் பத்தரை மணிக்குப் பாருங்கள். பிடித்திருந்தால் மாமியார் கூடவே போய் ஒரு ஓரமாக உட்காரலாம், அவருக்கும் நாலு பேரோடு பேச்சாகும். பிடிக்கவில்லையா, அந்த 38,000 ரூபாயில் ஒரு பகுதியை மாதச் சம்பளமாகக் கொடுத்து, தெரிந்த பெண் ஒருவரைக் காலையில் இரண்டு மணி நேரம் வரச் சொல்லுங்கள். வேலை ஒன்றே ஒன்று: போனை அலமாரியில் வைத்துவிட்டு, குழந்தையைப் பக்கத்துப் பூங்காவுக்கோ கோயில் பிரகாரத்துக்கோ கூட்டிப்போய், பேசிக்கொண்டு வருவது. எனக்கு இரண்டுமே ப்ளே ஸ்கூலைவிடப் பரவாயில்லை என்றுதான் படுகிறது.

விஜயதசமிக்கு அட்மிஷன் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போது அவளுக்கு மூன்றாக ஒரு மாதம்தான் பாக்கி. நெல்லில் ‘அ’ எழுதும் சம்பிரதாயம் அன்றைக்கு வீட்டிலோ கோயிலிலோ நடக்கட்டும், வேண்டுமானால் பள்ளியில் பெயரும் பதிந்துவையுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் காலத்தில் முதன்முதலாகக் கூட்டத்துக்குள் விட வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்து, 3 வயது 2 மாதத்தில், அரை நாளாக ஆரம்பியுங்கள். ஏப்ரல் வரை மூன்று மாதம். அதற்கு மட்டும் ஃபீஸ் வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன, பேசிப் பாருங்கள். அது எல்கேஜிக்குப் பழக்கிவிடப் போதும்.

முதல் வாரம் எப்படி விடுவது என்பதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், “பாப்பா அந்தப் பக்கம் திரும்பினதும் போயிடுங்கம்மா” என்று அம்மாக்களை நானே நைசாக அனுப்பிவைப்பேன். ஒரு பெண் குழந்தை அதற்கு அப்புறம் எந்தப் பொம்மையைக் காட்டினாலும் திரும்ப மாட்டாள். கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். திரும்பினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சொல்லிவிட்டுப் போங்கள். “அம்மா போய்ட்டு, நீ சோறு சாப்பிட்டதும் வருவேன்” என்று ஒரே வாக்கியம். அழுவாள். திரும்பி வந்து இன்னொரு தடவை கட்டிப்பிடிக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள், ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காமல். மணி அவளுக்குத் தெரியாது, சோறு தெரியும்.

இரண்டு வாரம் வாசலில் அழுவது சகஜம். நீங்கள் போன பத்து நிமிடத்தில் நிற்கிறதா என்று ஆயாம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், டீச்சரிடம் இல்லை. நாலு வாரம் தாண்டியும் நாள் முழுக்க அழுகிறாள், ராத்திரி திடுக்கிட்டு எழுகிறாள், சொல்லப் பழகிய பிறகும் உடையிலேயே ஒண்ணுக்குப் போகிறாள் என்றால் நிறுத்திவிடுங்கள். கட்டின பணத்துக்காக இழுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போது பெரும்பாலும் சிரமமிருக்காது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. பையில் ஒரு ஜட்டியும் ஒரு கவுனும் கூடுதலாக வையுங்கள், பிளாஸ்டிக் கவரோடு. கழுத்துப் பொத்தான் வைத்த உடை வேண்டாம். அவளே இழுத்து இறக்கக்கூடிய எலாஸ்டிக் போட்டது போதும். ஸ்நாக்ஸ் டப்பாவும் அவள் கையாலேயே திறக்கிற மாதிரி இருக்கட்டும். கடையில் வாங்கும்போது அவளிடமே கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.